நாட்குறிப்பு எழுதித் தன்னை அறிய முயல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற ஆண்டு வீடு மாறியபோது என் பழைய நாட்குறிப்புகளை எடுத்து வரிசையாகப் படித்தேன். ஒரே ஆண்டின் ஏட்டில் ‘இன்று மனம் சரியில்லை’ என்ற வரி 41 இடங்களில் இருந்தது. அந்த 41 நாட்களில் ஒரு நாளில்கூட என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள், அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது எழுதப்படவில்லை. என்னை நானே அறிந்துகொள்வதற்காக என்று எண்ணி உட்கார்ந்த அத்தனை இரவுகளிலிருந்தும் என்னைப் பற்றி ஒரு செய்தியும் எனக்குக் கிடைக்கவில்லை.

நிகழ்ச்சியை விட்டுவிட்டு மனநிலையை மட்டும் எழுதுவதுதான் இம்முயற்சியில் இறங்குவோர் பலரும் செய்யும் முதல் தவறு. புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை தம் மனத்தை ஆராயும் நோக்கத்தோடு எழுதியவர் அல்லர். ஆயினும் யார் வந்தார், என்ன பேச்சு நடந்தது, தாம் என்ன மறுமொழி சொன்னார் என்று அவர் எழுதி வைத்த முறையினால்தான் அவருடைய கவலைகளும் பெருமிதங்களும் இன்று படிப்பவருக்கும் புலப்படுகின்றன. கணக்குப் புத்தகம் போல வெறும் நிகழ்ச்சிகளை அடுக்குவதும் போதாது. ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து 4 நாட்கள், நாளுக்கு 15 நிமிடம், தம் வாழ்வில் மிகவும் பாதித்த அனுபவத்தை எழுதினார்கள். சிலர் உணர்ச்சியை மட்டும் எழுதினார்கள், சிலர் நடந்ததை மட்டும், வேறு சிலர் இரண்டையும் சேர்த்து. அடுத்து வந்த 6 மாதங்களில் உடல்நலக் குறைவுக்காக மருத்துவ மையத்துக்குச் செல்வது குறைவாக இருந்தது, இரண்டையும் சேர்த்து எழுதியவர்களிடம்தான். எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனம் இலேசாகிவிடவில்லை, சற்றுக் கனத்தே போயிருந்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் முதல் நாளே நிம்மதி வரும் என்று எதிர்பார்த்து, அது வராததால் இரண்டாம் நாளே ஏட்டை மூடிவிடுபவர்கள் உண்டு.

எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவது சொல் தேர்வு. ‘ஒரு மாதிரி இருக்கிறது’, ‘டென்ஷன்’, ‘மூட் சரியில்லை’ என்ற நான்கைந்து பைகளுக்குள் எல்லா உணர்ச்சிகளையும் போட்டுக் கட்டிவிடுகிறோம். ஆனால் நம் மொழியில் எரிச்சல் வேறு, ஆத்திரம் வேறு. ஒருவர் செய்யத் தவறியதை எண்ணி உள்ளே வைத்திருப்பது மனத்தாங்கல் என்றால், இப்படி நடந்திருக்கலாமே என்று அடித்துக்கொள்வது ஆதங்கம். கிடைக்காததை நோக்கி மனம் நீள்வது ஏக்கம், தன்னைத் தானே எண்ணி இரங்கிக்கொள்வது கழிவிரக்கம். அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்து மூன்று நாள் கழித்துத்தான் தங்கை தொலைபேசியில் எனக்குச் சொன்னாள். “உங்களுக்கு எதுக்கு அலைச்சல்னுதான் சொல்லலை அண்ணா” என்றாள். அன்றிரவு ‘கோபம்’ என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்து, அவள் சொன்ன சொற்களை அப்படியே எழுதி, அதன் கீழே பொருத்தமான சொல்லைத் தேடியபோது, ‘கோபம்’ என்பதை அடித்துவிட்டு ‘ஆதங்கம்’ என்று எழுத வேண்டியிருந்தது. அதற்கும் கீழே ‘குற்றவுணர்வு’ என்று ஒரு சொல் தானாக வந்து விழுந்தது, ஏனெனில் அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் நான் அம்மாவை ஒருமுறையும் அழைத்திருக்கவில்லை. கோபம் என்றே விட்டிருந்தால் குற்றம் தங்கையிடமே நின்றிருக்கும்.

தனக்குத் தானே தீர்ப்பு எழுதுவதும் இதைப் போன்றதே. ‘நான் சோம்பேறி’, ‘நான் கோபக்காரன்’ என்று எழுதுவது நேர்மையாகத் தோன்றலாம், ஆனால் அங்கே ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. தமிழ் இலக்கணம் இவ்விடத்தில் நமக்குத் துணைசெய்கிறது: ‘எனக்குக் கோபம் வந்தது’ என்றே நாம் இயல்பாகச் சொல்கிறோம், வந்தது என்றால் எப்போது வந்தது, எதற்குப் பின் வந்தது, எப்போது போனது என்று அடுத்த கேள்விகளைக் கேட்க முடிகிறது.

அந்தக் கேள்விகளிலும் ‘ஏன்’ என்பதைச் சற்று ஐயத்தோடு அணுக வேண்டும். ரிச்சர்ட் நிஸ்பெட், திமோத்தி வில்சன் என்ற உளவியலாளர்கள் 1977இல் எழுதிய கட்டுரையில், கடைக்கு வந்தவர்களிடம் ஒரே மாதிரியான 4 காலுறை இணைகளை வரிசையாக வைத்து எது சிறந்தது என்று கேட்ட சோதனை இடம்பெறுகிறது. மற்றவற்றைவிட வலது ஓரத்தில் இருந்ததையே அதிகம் பேர் தேர்ந்தார்கள். காரணம் கேட்டபோது வைக்கப்பட்டிருந்த இடத்தை ஒருவரும் குறிப்பிடவில்லை. பொய் சொல்ல வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை, உண்மையான காரணம் அவர்களுக்கே தெரியாது. நாட்குறிப்பில் முதல் மூச்சில் நாம் எழுதும் காரணமும் இப்படிப்பட்டதாக இருக்கக்கூடும் என்பதால், அதை ஓர் ஊகமாக மட்டும் குறித்துவைத்து, மூன்று வாரப் பக்கங்களில் அதே உணர்ச்சி எந்தெந்த நேரத்தில், யாருடன் பேசிய பின், எத்தனை மணி நேரத் தூக்கத்துக்குப் பின் வந்தது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது நம்பகமான வழி.

ஒரே காயத்தைத் திரும்பத் திரும்பக் கிளறுவதைத் தன்னாய்வு என்று மயங்குவது ஆபத்தான தவறு. 1989 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் நிலநடுக்கம் ஏற்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு, தற்செயலாக, சூசன் நோலன்-ஹோக்ஸிமா என்ற உளவியலாளர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களின் மனநிலையையும், சோர்வு வரும்போது அவர்கள் என்ன செய்வார்கள் என்பதையும் பதிவு செய்திருந்தார். தம் சோர்வையே சுற்றிச் சுற்றி எண்ணும் பழக்கம் முன்பே உடையவர்களிடம் 7 வாரம் கழித்தும் மனச்சோர்வு மிகுந்திருந்தது. ஆகவே ஒரே நிகழ்ச்சியை நான்காம் முறையாகவும் அதே சொற்களில் எழுதுகிறீர்கள் என்றால் அன்று பேனாவை மூடிவிட்டு நடக்கப் போவது மேல். தூக்கமும் உணவும் குறைந்து சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவ உதவி தேவை. இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அறிந்ததை வெளியில் சொல்லும்போது, மனத்தில் பட்டதைப் பட்டபடி சொல்வதே உண்மையான வெளிப்பாடு என்ற எண்ணம் குறுக்கே நிற்கிறது. அப்படிப் படுவது பெரும்பாலும் மேலே மிதக்கும் எரிச்சல்தான். ‘நீ என்னை மதிக்கவில்லை என்று உணர்கிறேன்’ என்ற வாக்கியத்தில் உணர்ச்சி எதுவும் இல்லை, குற்றச்சாட்டு மட்டுமே இருக்கிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பெயர் சொல்லாமல் ஒருவரைக் குத்துவதும் வெளிப்பாடு ஆகாது, சொல்ல வேண்டியவரிடம் அது போய்ச் சேருவதில்லை.

ஒரு வாரம் கழித்துத் தங்கையை அழைத்தேன். “அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த நேரத்தில் ஒன்றும் தெரியாமல் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. இனிமேல் தேதி குறித்ததும் எனக்குச் சொல்லம்மா” என்றேன். அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அதுக்கு முந்தின நாள் நாலு தடவை கூப்பிட்டேன் அண்ணா, நீங்கதான் எடுக்கலை” என்றாள். என் பக்கங்களில் எங்கும் இல்லாத செய்தி அது. தன் ஏட்டில் இருப்பதே முழு உண்மை என்று நம்புவதும் ஒரு தவறு என்பதை அதுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை. அந்த வரியை அவள் சொன்ன சொற்களிலேயே, ‘ஆதங்கம்’ என்று எழுதியிருந்த பக்கத்தின் ஓரத்தில், தேதியுடன் எழுதிவைத்தேன்.