ஜெர்மன் படிக்கும் நண்பர்கள் செய்தியும் சினிமாவும் பேசிப் பழகுவது எப்படி

ஜெர்மனில் ஏ2 நிலை முடித்து அடுத்த நிலையான பி1-இல் திணறுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: புத்தகத்தில் இருப்பது புரிகிறது, வாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. எப்படி வரும்? வகுப்பில் பேசுவதெல்லாம் ஹோட்டலில் அறை கேட்பதும் டாக்டரிடம் நேரம் வாங்குவதும்தான். நண்பர்களோடு உட்கார்ந்தால் நாம் அதையா பேசுகிறோம்? பார்த்த படம், எங்கோ நடந்த தேர்தல், ஏறிப்போன ரயில் கட்டணம், இவைதானே? அந்த அரட்டையை ஜெர்மனில் அடிக்கப் பழகுங்கள், அவ்வளவுதான்.

நான்கைந்து பேர் போதும், வாட்ஸ்அப்பில் ஒரு குழு. பத்துப் பேரைச் சேர்த்தால் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். வாரம் ஒரு செய்தி, மாதம் ஒரு படம். வேலைக்கும் போய்க்கொண்டு படிப்பவர்களுக்கு இதுவே அதிகம்.

செய்திக்கு டி.டபிள்யூ (டாய்ச்ச வெல்லே) என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனத்தின் தளத்தில் மெதுவாக வாசிக்கும் செய்திகள் இருக்கின்றன, இலவசம், எழுத்து வடிவமும் கூடவே கிடைக்கும். ஏஆர்டி தொலைக்காட்சியின் இரவு 8 மணிச் செய்தியான டாகஸ்ஷௌ 1952 முதல் வருகிறது, ஆனால் அதை உடனே பிடிக்கப் பார்த்தால் மூச்சு வாங்கும். 2024-இல் அவர்களே எளிய மொழியில் ஒரு பதிப்பு தொடங்கினார்கள், அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

முதல் முறை எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள், காதில் விழும் எண்களை மட்டும் குறியுங்கள். ஜெர்மனில் எண் நமக்குத் தலைகீழாக வரும், 58 என்பதை எட்டும் ஐம்பதும் என்கிறார்கள், அஹ்ட்-உண்ட்-ஃபுன்ஃப்ட்ஸிஷ். கை முதலில் எட்டை எழுதிவிட்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும். ஜெர்மனி முழுக்க லோக்கல் ரயிலிலும் பஸ்ஸிலும் போக உதவும் மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் செய்தியை எடுத்துப் பாருங்கள்: 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, 2025 ஜனவரியில் 58 ஆனது. இப்படி எண்கள் நிறைந்த செய்தி இரண்டு மூன்று கேட்டாலே காது பழகத் தொடங்கிவிடும். இரண்டாம் முறை எழுத்தோடு கேளுங்கள்.

அப்புறம் ஆளுக்கு ஒரு வாய்ஸ் நோட், ஒரு நிமிடத்துக்குள். இதில்தான் முக்கியமான விஷயம் இருக்கிறது: செய்தியைச் சுருக்கிச் சொல்லாதீர்கள், உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று சொல்லுங்கள். சுருக்கம் சொன்னால் யாரும் பதில் போட மாட்டார்கள். "விலை ஏறினாலும் ஊருக்கு ஊர் லோக்கல் ரயிலில் மாதம் முழுக்கப் போகலாம், மலிவுதான்" என்று ஒருவர் சொல்லட்டும், "பஸ்ஸே வராத கிராமத்தில் இருக்கிறவருக்கு அந்த டிக்கெட் எதற்கு?" என்று இன்னொருவர் கேட்பார், பேச்சு தானாக நகரும். மறுப்பதற்கு 'டாஸ் ஸேஹெ இஷ் ஆண்டர்ஸ்' என்று ஒரு வாக்கியம் இருக்கிறது, அதாவது நான் அதை வேறு மாதிரி பார்க்கிறேன் என்று. முதல் நாளே மனப்பாடம் செய்துவிடுங்கள், மரியாதையாகவும் இருக்கும், யோசிக்கச் சில விநாடிகளும் கிடைக்கும்.

போர், மதம், அகதிகள் போன்ற கனமான செய்திகளில் மட்டும் கவனம். ஏ2 நிலையில் நம்மிடம் இருப்பது நல்லது, கெட்டது, சரி, தப்பு என்ற அளவுக்கான சொற்கள்தான். தமிழில் பக்குவமாகச் சொல்லக்கூடிய ஒருவர்கூட ஜெர்மனில் முரட்டுத்தனமாகப் பேசுவதுபோல் ஆகிவிடும், கேட்பவர் மனம் புண்படும். அத்தகைய விஷயம் என்றால் முன்கூட்டியே எழுதித் தயார் செய்துகொண்டு பேசுங்கள், இல்லையென்றால் தமிழிலேயே பேசிவிடுங்கள். நட்பைவிட பயிற்சி பெரிதில்லை.

படத்துக்கு என் முதல் தேர்வு 1998-இல் வந்த 'லோலா ரென்ட்'. ஒன்றே கால் மணி நேரம் சொச்சம்தான் ஓடும், ஒரே கதை மூன்று முறை சிறு மாற்றங்களோடு திரும்ப நடக்கும், அதனால் முதல் ஓட்டத்தில் தப்பிய விஷயம் மூன்றாவதில் பிடிபட வாய்ப்பு அதிகம். அடுத்தது 2003-இன் 'குட் பை, லெனின்!'. கோமாவில் இருந்து எழும் அம்மாவிடம் பெர்லின் சுவர் விழுந்ததை மறைக்க, மகன் நண்பனோடு சேர்ந்து போலிச் செய்தி ஒளிபரப்பையே தயாரிக்கிறான். அம்மாவின் உடம்புக்காகச் சொல்லும் பொய் சரியா என்று கேட்டுப் பாருங்கள், அன்றைக்குக் குழுவில் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள்.

பார்க்கும்போது ஆடியோ ஜெர்மனில்தான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், சில தளங்களில் ஆங்கில டப்பிங் தானாக ஓடும். சப்டைட்டிலும் ஜெர்மனில் வையுங்கள். முழுப் படத்தையும் புரிந்துகொள்ள முயல வேண்டாம், பிடித்த ஒரு காட்சியை, ஐந்து நிமிடம் போதும், சப்டைட்டிலோடு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை பார்த்துவிட்டு அதைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

திருத்தம் விஷயத்தில் ஒரே விதி: ஒரு வாய்ஸ் நோட்டுக்கு ஒரு திருத்தம், அதுவும் அர்த்தம் மாறுகிற இடத்தில். பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் டெர், டீ, டாஸ் தப்பானால் விட்டுவிடுங்கள். 'வைல்' (ஏனென்றால்), 'டாஸ்' (என்று என்ற பொருளில் வரும் இணைப்புச் சொல்) போட்டு ஆரம்பிக்கும் துணை வாக்கியத்தில் வினை நடுவில் வந்துவிட்டால் சொல்லுங்கள். அங்கே வினை கடைசியில் வர வேண்டும், தமிழிலும் அப்படித்தானே வருகிறது, ஓரிரு முறை நினைவூட்டினால் நம் ஆட்களுக்குச் சட்டென்று பிடிபடும். தமிழில் எழுதி மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு வாசிப்பது மட்டும் வேண்டாம், கேட்டாலே தெரிந்துவிடும்.

கோத்தே நிறுவனம் நடத்தும், பி1-க்கு அடுத்த நிலையான பி2-வின் வாய்மொழித் தேர்வில் ஒரு சிறு உரையும் எதிரில் இருப்பவரோடு ஒரு விவாதமும் உண்டு. தேர்வுக்குப் பதிவு செய்ததும் குழுவின் பழைய வாய்ஸ் நோட்டுகளைத் திரும்பக் கேளுங்கள், நீங்கள் சூடாகப் பேசிய தலைப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள், அன்று உங்களை மறுத்த அதே நண்பரை எதிரில் உட்கார வைத்து கடிகாரம் வைத்துப் பேசிப் பாருங்கள்.