கரண்டு பில் எகிறினால் எங்கே தொடங்குவது? வீவக வீட்டுக்காரர்களுக்கு ஒரு செய்முறை

சிங்கப்பூரின் ஈசூனில் எங்களுடையது நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. பில் கூடிய மாதத்தில் அத்தை செய்த முதல் வேலை ஹால் விளக்கை அணைத்ததுதான். ஏழு மணிக்கு மேல் இருட்டில் உட்கார்ந்து, டிவி வெளிச்சத்தில் கீரை ஆய்வார். மின்விசிறியையும் ஒன்றில் வைத்துவிடுவார். அதே நேரத்தில் குளியலறைக்கு வெளியே ஹீட்டர் ஸ்விட்சின் சிவப்பு விளக்கு இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை, நானும்தான்.

பல வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. கண்ணில் படுவதை அணைக்கிறோம், கரண்டைத் தின்பது எது என்று தேடுவதில்லை. வீட்டில் பெரியவர்கள் புழுக்கத்தில் வாடுவதுதான் மிச்சம், பில் அப்படியே இருக்கிறது. அதனால் எதையும் அணைப்பதற்கு முன்னால் அளந்து பாருங்கள். ஒரு பேனா, ஒரு நாட்காட்டி, கைபேசி போதும்.

படி 1: வெள்ளியை விடுங்கள், யூனிட்டைப் பாருங்கள்

இங்கே பில் அனுப்பும் நிறுவனம் எஸ்பி குரூப். அதன் பில்லில் மின்சாரம், எரிவாயு, தண்ணீர், குப்பை அகற்றும் கட்டணம் எல்லாம் சேர்ந்தே வரும். அடியில் உள்ள மொத்தத் தொகையைப் பார்த்துப் பதறினால் எது கூடியது என்றே தெரியாது. மின்சாரத்துக்கான வரியில் கிலோவாட் மணி என்று ஓர் எண் இருக்கும். நாம் யூனிட் என்று சொல்வது அதைத்தான். அதை அந்த பில்லுக்குரிய நாள்களால் வகுங்கள். எங்கள் பில்லில் 31 நாளுக்கு 434 யூனிட், அதாவது நாளுக்கு 14. அந்த 14ஐ நாட்காட்டியில் எழுதி வைத்தேன்.

வெள்ளியை ஏன் விடச் சொல்கிறேன் என்றால், யூனிட்டின் விலை நம் கையில் இல்லை. சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது, அந்த எரிவாயு முழுக்க இறக்குமதி. உலகச் சந்தையில் அதன் விலை ஏறினால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும் கட்டணமும் ஏறும். 2020 ஜூலை முதல் செப்டம்பர் வரை ஒரு யூனிட் 19.60 காசு. 2022இல் அதே மூன்று மாதங்களில் 30.17 காசு. இரண்டே ஆண்டில் பாதிக்கும் மேல் ஏற்றம், அதுவும் பொருள் சேவை வரி சேர்க்காமல். அந்த வரியும் 2023இல் 8, 2024இல் 9 விழுக்காடு என்று உயர்ந்தது. ஆக, நீங்கள் ஒரு விளக்குகூடக் கூடுதலாகப் போடாமலே பில் ஏறியிருக்கலாம். யூனிட் கூடியிருக்கிறதா, விலை மட்டும் கூடியிருக்கிறதா என்று முதலில் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. பழைய மீட்டர் உள்ள வீடுகளில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் அளவு எடுப்பார்கள். இடைப்பட்ட மாதம் மதிப்பீடுதான். ஒரு மாதம் குறைவாகப் போட்டுவிட்டு அடுத்த மாதம் சேர்த்து வருவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். எஸ்பி செயலியில் நீங்களே மீட்டர் அளவை அனுப்பலாம்.

படி 2: தூங்கும் வீடு எவ்வளவு தின்கிறது?

எனக்கு உண்மையைக் காட்டிய படி இதுதான், ஒரே ஓர் இரவு போதும். புதிய ஸ்மார்ட் மீட்டர் வந்துவிட்ட வீடு என்றால் எஸ்பி செயலியில் அரை மணிக்கு எவ்வளவு ஓடியது என்று வரைபடமாகவே பார்க்கலாம். இல்லையென்றால் படுக்கப் போகும்போது மீட்டர் எண்ணைப் படம் எடுங்கள், காலையில் எழுந்ததும் இன்னொரு படம். அன்று இரவு மட்டும் ஏர்கான் வேண்டாம்.

எல்லாரும் தூங்கும்போதும் வீட்டில் ஏதோ ஓடிக்கொண்டுதான் இருக்கும். குளிர்சாதனப் பெட்டி, மின்விசிறி, இணைய மோடம், எங்கள் வீட்டில் அந்த ஹீட்டர். தொட்டி வைத்த ஹீட்டர் தண்ணீரைச் சூடாக்கிவிட்டுச் சும்மா இருப்பதில்லை. தண்ணீர் ஆற ஆற மறுபடி மறுபடி சூடாக்கிக்கொண்டே இருக்கும், யாரும் குளிக்காவிட்டாலும்.

ஹீட்டரை ஒரு வாரம் வழக்கம்போல விட்டேன். அடுத்த வாரம் குளிக்க இருபது நிமிடத்துக்கு முன் ஸ்விட்சைப் போட்டு, குளித்து முடித்ததும் அணைத்தோம். நாளுக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் குறைந்தது. யூனிட் 30 காசு என்று வைத்துக்கொண்டால் மாதம் 9 வெள்ளி. அத்தை அணைத்த ஹால் விளக்கு? 10 வாட் எல்இடி இரண்டு, ஐந்து மணி நேரம் எரிந்தால் 0.1 யூனிட். நாளுக்கு 3 காசு, மாதம் 90 காசு. அந்த 90 காசுக்காகத்தான் அவர் இத்தனை நாள் கண்ணைச் சுருக்கிக் கீரை ஆய்ந்திருக்கிறார். கணக்கை எழுதிக் காட்டியபோது எனக்கே மனசு கனத்துவிட்டது.

படி 3: ஒரு பெருக்கல்

ஒவ்வொரு சாமானின் அடியிலோ பின்னாலோ வாட் போட்டிருக்கும். வாட்டை மணி நேரத்தால் பெருக்கி 1000ஆல் வகுத்தால் யூனிட். மின்விசிறி 50 வாட், பத்து மணி நேரம் ஓடினால் அரை யூனிட், 15 காசு. உடனடியாகச் சூடாக்கும் சிறிய ஹீட்டர் 3,300 வாட் அளவில் இருக்கும், பத்து நிமிடக் குளியலுக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல். அதாவது ஒருவர் சுடுதண்ணீரில் பத்து நிமிடம் குளிப்பதும் இரவு முழுக்க மின்விசிறி சுற்றுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். விசிறியை அணைக்காதீர்கள்!

மாவாட்டும் கிரைண்டரைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். 150 வாட் கிரைண்டர் அரை மணி ஓடினால் 0.1 யூனிட்டைக்கூடத் தொடாது. இஸ்திரிப் பெட்டி அப்படியில்லை. ஒவ்வொரு காலையும் ஒரே ஒரு சட்டைக்காகச் சூடேற்றாமல் வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாகத் தேய்த்துவிடுங்கள்.

படி 4: ஏர்கான்

நேரம் செலவிட வேண்டிய இடம் இது. தேசியச் சுற்றுப்புற வாரியம் 2017இல் செய்த ஆய்வில், வீட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய கால் பங்கு ஏர்கானுக்கே போனது.

எங்கள் படுக்கையறை ஏர்கான் 22இல் ஓடிக்கொண்டிருந்தது, மேலே தடிப் போர்வை. 26க்கு ஏற்றி, கால்மாட்டில் நிற்கும் விசிறியை வைத்தோம். முதல் இரவு மகள் முணுமுணுத்தாள், மூன்றாம் இரவு மறந்துவிட்டாள். எட்டு மணி நேரத்துக்கு ஐந்து யூனிட் ஆனது மூன்றரைக்கு இறங்கியது. அப்புறம் டைமரை விடிகாலை நான்கு மணிக்கு அணையும்படி வைத்தோம். அறை அதற்கு மேலும் ஒரு மணி நேரம் குளிர்ந்தே இருக்கிறது.

18இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பார்கள். பெரும்பாலும் அப்படி ஆவதில்லை, தேவையான குளிர் வந்த பிறகும் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான்.

வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். ஸ்விட்சை அணைத்துவிட்டு முன்மூடியை மேலே தூக்கினால் வலை போன்ற இரண்டு தகடுகள் கையோடு வரும். நான் முதல்முறை கழற்றியபோது வலையே தெரியவில்லை, சாம்பல் நிறத்தில் கம்பளி போர்த்தியது போலத் தூசி. பின்பக்கத்திலிருந்து தண்ணீர் அடித்தால் தூசி மொத்தமாகக் கழன்றுவரும். நிழலில் உலர்த்தி, ஈரம் போன பிறகு மாட்டுங்கள். காற்று தாராளமாகப் போனால் இயந்திரம் குறைந்த நேரம் உழைத்தாலே போதும்.

படி 5: இரண்டாவது குளிர்சாதனப் பெட்டி

நம் வீடுகள் பலவற்றில் பழைய பெட்டி ஒன்று இருக்கும். புதிதாக வாங்கியபோது மாவுக்கும் தீபாவளி இறைச்சிக்கும் ஆகட்டும் என்று வைத்துக்கொண்டது. உள்ளே இரண்டு டப்பா மாவு, அதற்கு இருபத்து நான்கு மணி நேரமும் கரண்டு. பண்டிகைக்கு மட்டும் போடுங்கள், மற்ற நாளில் காலி செய்து கதவைச் சற்றுத் திறந்து வையுங்கள். இருக்கும் ஒரே பெட்டியின் கதவில் ஒரு தாளைச் செருகி மூடிப் பாருங்கள். தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

படி 6: யாரிடம் வாங்குவது?

யூனிட்டைக் குறைத்த பிறகு விலையைப் பாருங்கள். 2019 மே மாதத்திலிருந்து நாடு முழுவதும் நாமே மின்சார விற்பனையாளரைத் தேர்ந்தெடுக்க முடிகிறது. யாரிடம் வாங்கினாலும் வயர் அதேதான், மின்சாரம் அதேதான். எரிசக்திச் சந்தை ஆணையத்தின் விலை ஒப்பீட்டு இணையத்தளத்தில் திட்டங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். யூனிட்டுக்கு 2 காசு வித்தியாசம், மாதம் 400 யூனிட் என்றால் 8 வெள்ளி மிச்சம். கையெழுத்திடும் முன் வரி சேர்த்த விலையா, எத்தனை மாத ஒப்பந்தம், இடையில் விலகினால் அபராதம் எவ்வளவு, முன்பணம் உண்டா என்று கேளுங்கள். 2021 கடைசியில் சில விற்பனையாளர்கள் சந்தையை விட்டே போனார்கள், ஆனால் யார் வீட்டிலும் மின்சாரம் நிற்கவில்லை. அந்தப் பயம் வேண்டாம்.

படி 7: உங்களுக்கு உரியதைக் கேட்டு வாங்குங்கள்

தகுதியுள்ள வீவக குடும்பங்களுக்கு யூ-சேவ் தள்ளுபடி ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் தானாகவே பில்லில் கழியும். பருவநிலைப் பற்றுச்சீட்டு அப்படியில்லை, சிங்பாஸ் (அரசாங்கத்தின் மின்னிலக்க அடையாளம்) மூலம் நாமே எடுக்க வேண்டும். வீவக குடும்பங்களுக்கு 2024இல் 300 வெள்ளி, 2025இல் மேலும் 100, 2027 டிசம்பர் 31 வரை செல்லும். திட்டத்தில் சேர்ந்த கடைகளில், பெரும்பாலும் போதுமான டிக் (மின்சாரமோ தண்ணீரோ எவ்வளவு மிச்சமாகும் என்று காட்டும் குறி) உள்ள சாமானுக்குத்தான் பயன்படும். எங்கள் பழைய குளிர்சாதனப் பெட்டியை மாற்ற நாங்கள் அதைத்தான் பயன்படுத்தினோம்.

பில் கட்ட முடியாத நிலை என்றால் நினைவூட்டல் கடிதம் வரும்வரை காத்திருக்காதீர்கள். பில்லில் உள்ள எண்ணுக்கு அழைத்துத் தவணை கேளுங்கள். சமூகச் சேவை அலுவலகத்துக்கும் போகலாம்.

உங்கள் தளத்தில் தனியாக இருக்கும் தாத்தாவோ பாட்டியோ இருந்தால் இந்த வாரம் ஒரு மாலை போய், அவர்கள் பில்லை எடுத்துப் படித்துக் காட்டுங்கள். பற்றுச்சீட்டை எடுத்துவிட்டார்களா என்று கேளுங்கள். அப்படியே குளியலறைப் பக்கம் ஒரு பார்வை பாருங்கள், அந்தச் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று.