பசி தாங்கும் ஓட்ஸ் கஞ்சி: கொழுப்பின் பங்கை அறிந்து சமைக்கும் முறை

காலை எட்டு மணிக்கு ஓட்ஸ் கஞ்சி குடித்தவருக்குப் பத்தரை மணிக்கே வயிறு கிள்ளத் தொடங்கினால், குறை பெரும்பாலும் ஓட்ஸில் இருப்பதில்லை. எந்த வகையை வாங்கினோம், எவ்வளவு நீர்க்க வைத்தோம், உடன் எதைச் சேர்த்தோம் என்பவற்றில்தான் இருக்கிறது. 1995இல் சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன்னா ஹோல்ட்டும் அவருடைய குழுவினரும் 38 உணவுகளை, ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 240 கலோரி இருக்கும்படி அளந்து கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரம் உண்டவர்களின் நிறைவுணர்வைக் குறித்துவந்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்துக்கொண்டால், வெள்ளைச் சோறு 138, ஓட்ஸ் கஞ்சி 209. அந்த 209ஐ நம் வீட்டுக் கிண்ணத்திலும் நெருங்க வேண்டுமானால், நிறைவுணர்வு எப்படி உண்டாகிறது என்பதைச் சிறிது தெரிந்துகொண்டு அடுப்பைப் பற்றவைப்பது நல்லது.

ஓட்ஸ் பசி தாங்குவதற்கு நார்ச்சத்தே காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. ஓட்ஸில் ஏறத்தாழ நான்கு விழுக்காடு இருக்கும் பீட்டா குளூக்கான் என்னும் கரையும் நார், நீரில் வெந்ததும் கொழகொழப்பாகி, இரைப்பையிலிருந்து உணவு இறங்கும் வேகத்தைக் குறைக்கிறது. ஆனால் தானியங்களில் கொழுப்பு மிகுந்தவற்றுள் ஓட்ஸும் ஒன்று என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அரிசியில் கொழுப்பு ஒரு விழுக்காட்டை ஒட்டியே இருக்க, ஓட்ஸில் அது ஆறு ஏழு விழுக்காடு வரை இருக்கிறது. அந்தக் கொழுப்பில் பெரும்பகுதி ஒலியிக் அமிலம், லினோலியிக் அமிலம் என்னும் இரு கொழுப்பமிலங்கள் ஆகும். இந்த ஒலியிக் அமிலத்திலிருந்துதான் நம் முன்சிறுகுடலின் சுவர், ஒலியோயில்எத்தனாலமைடு என்ற பொருளை உருவாக்குகிறது. பெயர் நாக்கைச் சுழற்றுவதால் இனி ஓ.ஈ.ஏ. என்றே குறிப்பிடுகிறேன்.

2001இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் டேனியேல பியோமெல்லி உள்ளிட்ட ஆய்வாளர்கள், எலிகளுக்கு ஓ.ஈ.ஏ. கொடுத்தால் அவை குறைவாக உண்கின்றன என்று காட்டினார்கள். பட்டினி கிடக்கும் எலியின் சிறுகுடலில் ஓ.ஈ.ஏ. குறைந்து, உண்டதும் மீண்டும் கூடுகிறது. அது பிபார் ஆல்பா என்னும் ஏற்பியை, அதாவது செல்லுக்குள் செய்தியை வாங்கும் புரதத்தைத் தூண்ட, நரம்பு வழியாக நிறைவுச் செய்தி மூளைக்குப் போகிறது. இங்கே சமையலுக்குப் பயன்படும் குறிப்பு ஒன்று உண்டு. 2008இல் வெளிவந்த ஆய்வில், எலியின் முன்சிறுகுடலுக்குள் கொழுப்பைச் செலுத்தியபோது ஓ.ஈ.ஏ. உருவானது, புரதத்தையோ சர்க்கரையையோ செலுத்தியபோது உருவாகவில்லை. வெறும் நீரில் வேகவைத்துச் சர்க்கரை போட்டுக் குடிக்கும் கஞ்சி ஏன் நெடுநேரம் தாங்குவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

ஓட்ஸுக்கு இன்னொரு தனித்தன்மையும் இருக்கிறது. உடலில் ஓ.ஈ.ஏ. போன்ற பொருள்களுக்கு மூலப்பொருளாக அமையும் பாஸ்போலிப்பிட் (பாஸ்பரஸ் சேர்ந்த கொழுப்பு) வகையொன்று ஓட்ஸ் மணியிலேயே இயல்பாக உள்ளது. இதைக் கேட்டதும் 'ஓட்ஸ் தின்றால் நிறைவுணர்வு தரும் பொருள் இரத்தத்தில் ஏறிவிடும்' என்று விளம்பரம் எழுதத் தோன்றும், அவ்வளவு எளிதன்று. குடலில் இவற்றைச் சிதைக்கும் நொதிகளும் உள்ளன. மேலும், இரத்தத்தில் காணப்படும் ஓ.ஈ.ஏ. குடலிலிருந்து மட்டும் வருவதில்லை. பட்டினியின்போது எலியின் குடலில் அது குறையும் அதே வேளையில் கல்லீரலில் கூடுகிறது. மனிதர்களின் இரத்தத்திலோ, அது அங்கே உலவும் கட்டற்ற கொழுப்பமிலங்களின் அளவை ஒட்டியே ஏறி இறங்குகிறது. ஆகவே இரத்தத்தில் கண்ட அளவை மட்டும் வைத்து ஒருவருக்கு வயிறு நிறைந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. பரிசோதனை நிலையத்தில் எடுக்கும் வழக்கமான லிப்பிட் புரொஃபைலில் கொலஸ்டிராலும் டிரைகிளிசரைடும்தான் இருக்கும், ஓ.ஈ.ஏ. ஆய்வுக்கூடங்களில் மட்டும் அளக்கப்படுவது. இதற்காக யாரும் இரத்தம் கொடுக்க வேண்டியதில்லை.

இனி, வாங்கும்போது பார்க்க வேண்டியவை. கடைகளில் நறுக்கிய ஓட்ஸ், அவல்போல் தட்டிய ஓட்ஸ், உடனடி ஓட்ஸ் என மூன்று வகை கிடைக்கின்றன. நறுக்கியது மெதுவாகச் செரிக்கும். தட்டியது அதற்கு அடுத்தது. மெல்லியதாக அழுத்தப்பட்ட உடனடி ஓட்ஸ் இரத்தச் சர்க்கரையை விரைவாக ஏற்றுவதால் நம் நோக்கத்துக்குக் கடைசித் தேர்வுதான். மசாலா சேர்த்த சிறு பொட்டலங்களில் உப்பு மிகுதி; ஒரு பொட்டலத்தில் இருக்கும் ஓட்ஸின் எடையையும் உறையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஏமாற்றமாகத்தான் இருக்கும். கொழுப்பு மிகுந்த தானியம் என்பதால் ஓட்ஸ் எளிதில் சிக்குவாடை அடிக்கும். ஆலையில் ஆவியில் வேகவைத்து, கொழுப்பைச் சிதைக்கும் நொதியை முடக்கித்தான் விற்கிறார்கள். அப்படியிருந்தும் உறையைப் பிரித்த பிறகு இறுக மூடிய டப்பாவில் வைத்து, கசப்பு தட்டினால் தயங்காமல் கொட்டிவிட வேண்டும்.

ஒருவருக்கு 40 கிராம் தட்டிய ஓட்ஸும் 250 முதல் 300 மில்லி வரை நீரும் போதும். மிதமான தீயில், அடிபிடிக்காமல் கிளறியபடி ஐந்து முதல் ஏழு நிமிடம் வேகவிடுங்கள். நறுக்கிய ஓட்ஸுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும், முந்தைய இரவே ஊறவைத்தால் நேரம் குறையும். கரண்டியைச் சரித்தால் கஞ்சி ஒழுகாமல் மெல்ல வழிய வேண்டும். அதுவே பீட்டா குளூக்கான் நன்றாகக் கரைந்ததற்கு அடையாளம். வாரம் முழுவதற்கும் சேர்த்துச் சமைத்து உறையவைக்கும் வழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓட்ஸ் கலந்த பண்டங்களை உறையவைக்கும்போது இந்த நாரின் கரையும் தன்மை குறைவது கண்டறியப்பட்டிருக்கிறது. கோதுமை மாவுடன் கலந்து நெடுநேரம் புளிக்கவைத்துச் சுடும் ரொட்டியிலும், மாவிலுள்ள நொதிகள் இந்த நாரைத் துண்டாக்கிவிடுகின்றன. கஞ்சியே நல்லது.

அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு கொழுப்பைச் சேர்ப்பதுதான் இந்த முறையின் மையம், எனவே இதில் சற்று நிதானமாக இருங்கள். நமக்கு வேண்டியது ஒலியிக் அமிலம் மிகுந்த கொழுப்பு. பாதாம் பருப்பின் கொழுப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கும், நிலக்கடலைக் கொழுப்பில் ஏறத்தாழப் பாதியும், நல்லெண்ணெயில் 40 விழுக்காடும் ஒலியிக் அமிலமாகும். நெய்யில் கால் பங்கு மட்டுமே, தேங்காயெண்ணெயில் அதனினும் மிகக் குறைவு. ஓ.ஈ.ஏ.யின் உடன்பிறப்பான பால்மிட்டோயில்எத்தனாலமைடை 1957இல் முட்டை மஞ்சள் கரு, சோயா, நிலக்கடலை ஆகியவற்றிலிருந்துதான் பிரித்தெடுத்தார்கள் என்பதை அறிந்தபோது, நம் வீட்டு வேர்க்கடலை மீது எனக்கு மரியாதை கூடியது. 10 முதல் 15 கிராம் வரை வறுத்து ஒன்றிரண்டாகப் பொடித்த நிலக்கடலை, அல்லது கடுகு, கறிவேப்பிலை தாளிக்க ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் போதும். அதற்குமேல் ஊற்றினால் பயன் கூடாது, கலோரிதான் கூடும். தொடர்ந்து கொழுப்பு மிகுந்த தீனி உண்ட எலிகளின் குடலில் ஓ.ஈ.ஏ. உருவாவதே மந்தமாகிவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஓட்ஸ் எண்ணெயைப் பிரித்தெடுத்துப் பனையெண்ணெயுடன் கலந்த ஒலிப்ரா என்ற கலவையைத் தயிரில் சேர்த்துக் கொடுத்த ஆய்வுகளும் நடந்தன. 2000இல் வெளிவந்த ஆய்வில், அதை உண்டவர்கள் அடுத்த வேளையில் குறைவாக உண்டார்கள்; பின்வந்த சில ஆய்வுகளில் அந்த விளைவு தெரியவில்லை. தனியாகப் பிரித்து விற்கும் எந்தப் பொருளுக்கும் பணம் கொடுக்குமுன் இதை எண்ணிப் பார்க்கலாம்.

உங்கள் கஞ்சி வேலை செய்கிறதா என்று அறிய ஒரு தாளும் கடிகாரமும் போதும். இயல்பாக உண்ணும் எலிகளில் ஓ.ஈ.ஏ. முதன்மையாகச் செய்தது அடுத்த வேளை உணவைத் தள்ளிப்போட்டதுதான். எனவே நீங்களும் வயிறு எவ்வளவு நிறைந்தது என்பதைவிட, அடுத்த பசி எப்போது வந்தது என்பதையே குறியுங்கள். மூன்று நாள் ஓட்ஸை வெறும் நீரில் வேகவைத்தும், மூன்று நாள் நிலக்கடலை சேர்த்தும், ஒரே அளவு, ஒரே நேரம் என்று உண்டு ஒப்பிடுங்கள். இடையில் குடிக்கும் காபியையும் குறிக்க மறக்க வேண்டாம். பசியை மறைப்பதில் அது கெட்டிக்காரத்தனமானது.

கொலஸ்டிராலைக் குறைப்பதும் உங்கள் நோக்கமாக இருந்தால், நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளூக்கான் வேண்டும். 1997இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒப்புக்கொண்ட அளவு அது. அதற்கு ஏறத்தாழ 75 கிராம் ஓட்ஸ் தேவைப்படுவதால், ஒரு கிண்ணத்தோடு முடியாது. நார் குறைவாக உண்டு பழகியவர்கள் 20 கிராமில் தொடங்கி இரண்டு வாரத்தில் அளவைக் கூட்டினால் வயிற்று உப்புசம் தொல்லை செய்யாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களும், குடல் அடைப்பு ஏற்பட்டவர்களும் மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். குளூட்டன் ஒவ்வாத சீலியாக் நோயாளிகள், கோதுமை கலவாதது என்று உறுதியளித்து விற்கப்படும் ஓட்ஸை மட்டும், அதையும் மருத்துவர் ஒப்புதலுடன் உண்ண வேண்டும்.