கிழிந்த நுளம்பு வலை இருந்தால் எறியாதீர்கள்

பழைய நுளம்பு வலையைச் சிறு பைகளாகத் தைத்து, கொய்யாப் பிஞ்சு தேசிக்காய் அளவுக்கு வந்தவுடன் ஒவ்வொன்றாகப் போட்டுக் காம்பில் நூலால் கட்டிவிடுங்கள், பழ ஈக்கு மருந்து அடிக்கவே தேவையில்லை. பழ ஈ காயின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுவதால்தான் வெளியே நன்றாக இருக்கும் பழத்தை வெட்டினால் புழு நெளிகிறது, அந்த ஈ வலைக் கண்ணுக்குள் நுழைய முடியாது. ஆனால் பை தொளதொளவென்று இருக்க வேண்டும், வலை காயோடு ஒட்டினால் வெளியில் இருந்தபடியே குத்திவிடும். கொழும்பு மழைக்குக் கடதாசிப் பை ஊறிக் கிழிந்துவிடும், பொலித்தீன் உள்ளே வியர்த்துக் காயை அழுக வைக்கும், வலைக்கு இரண்டும் இல்லை, கழுவி அடுத்த காய்ப்புக்கும் எடுக்கலாம். மாதுளைக்கும் இதையே செய்யலாம்.

பூவில் மட்டும் கட்டாதீர்கள், தேனீ வராமல் பிஞ்சு குறைவாகத்தான் பிடிக்கும். ஏற்கனவே குத்து விழுந்த காய்க்கும் பயனில்லை, அதைப் பறித்து அகற்றுங்கள். அப்புறம், வெள்ளவத்தைப் பக்கம்போல அணில் நடமாட்டம் உள்ள இடமென்றால் நைலோன் வலையை அது கடித்துவிடும், அங்கே மெல்லிய கம்பி வலைதான் சரி.