நமீபியாவின் மக்கள்தொகைப் புள்ளி வரைபடம்: கையால் வரைவது எப்படி?

நமீபியாவின் பரப்பு சுமார் 8,25,000 சதுர கி.மீ.; 2023 கணக்கெடுப்பின்படி மக்கள் 30,22,401 பேர். வகுத்தால் சதுர கிலோமீட்டருக்கு 3.7 பேர் வரும். இந்தச் சராசரியை நம்பி வரைந்தால் படம் வீண். மக்கள் தண்ணீரை ஒட்டி ஒதுங்கி வாழும் நாடு இது. ஆகவே முதலில் தண்ணீர், பிறகுதான் புள்ளி.

தேவை: ஏ4 தாள், அளவுகோல், பென்சில், 0.3 மி.மீ. பேனா. பந்துமுனைப் பேனா வேண்டாம். வடக்கில் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

1. கட்டம். கிழக்கு 11° முதல் 26° வரை, தெற்கு 16° முதல் 29° வரை. அட்சரேகைகளுக்கு இடையே 1.2 செ.மீ., தீர்க்கரேகைகளுக்கு இடையே 1.1 செ.மீ. விடுங்கள். இரண்டையும் சமமாக வைத்தால் நாடு அகலமாகிவிடும். மகரரேகை அருகே ஒரு பாகை தீர்க்கரேகையின் நீளம் அட்சரேகைப் பாகையில் 0.92 பங்குதான்.

2. எல்லை. மேற்கே குனேனே ஆற்றின் முகத்திலிருந்து (17.3° தெ, 11.8° கி) ஆரஞ்சு ஆற்றின் முகம் வரை (28.6° தெ, 16.5° கி) கடற்கரை. தெற்கெல்லை ஆரஞ்சு ஆறு. கிழக்கெல்லை 20° கோட்டில் ஏறி, 22° தெற்கில் வலப்புறம் திரும்பி, 21° கோட்டில் மேலே போகும். வடகிழக்கில் நீளும் நாக்கை மறக்காதீர்கள். சுமார் 450 கி.மீ. நீளமானாலும் குறுகிய இடத்தில் அகலம் 32 கி.மீ.தான், நம் படத்தில் மூன்றரை மி.மீ. பெரும்பாலோர் இதைத் தடிமனாக வரைந்துவிடுகிறார்கள்.

3. நீர். குனேனே, ஒகவாங்கோ, சாம்பேசி, ஆரஞ்சு என ஆண்டு முழுதும் ஓடும் ஆறுகள் எல்லைகளை ஒட்டியே உள்ளன. உள்நாட்டு ஆறுகள் மழை பெய்தால் மட்டும் ஓடும். அவற்றை இடைவெளி விட்டு விட்டு வரும் கோடாகப் போடுங்கள்.

4. புள்ளி. 10,000 பேருக்கு ஒன்று, மண்டலவாரியாக: ஒகங்வேனா 34, ஒமுசாட்டி 32, ஒஷிகோட்டோ 26, ஒஷானா 23, கோமாஸ் 49, எரோங்கோ 24, ஒட்ஜோசொன்ட்ஜுபா 22, கிழக்கு கவாங்கோ 22, மேற்கு கவாங்கோ 12, சாம்பேசி 14, குனேனே 12, காராஸ் 11, ஹர்டாப் 11, ஒமாஹெகே 10. கூட்டினால் 302 வர வேண்டும்.

முதல் நான்கு மண்டலங்கள் நாட்டின் பத்தில் ஒரு பங்கு நிலம். ஆனால் 115 புள்ளிகள். அங்கோலாவிலிருந்து வரும் பருவகால ஆழமற்ற ஓடைகளே காரணம். அங்கோலா எல்லைக்குத் தெற்கே நெருக்கமாக வையுங்கள். எட்டோஷா உப்புப் படுகை வெறுமையாக இருக்கட்டும். கவாங்கோ புள்ளிகளை ஒகவாங்கோ கரையில் வரிசையாக வையுங்கள்.

கோமாஸின் 49ம் ஏறத்தாழ முழுவதும் விண்ட்ஹூக்கில் வரும். ஒரே வட்டமாகப் போட்டு உள்ளே எண் எழுதுங்கள். ஆற்றங்கரையில் இல்லாத தலைநகர் இது; 1968 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீராக்குகிறது. எரோங்கோவில் பாதிக்கு மேல் வால்விஸ் பே, ஸ்வாகோப்முண்டில். மற்றபடி நமீப் கடற்கரை காலி: குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டம் மூடுபனி தரும், மழை தராது.

2011 கணக்கோடு ஒப்பிட நினைத்தால் இரண்டு கவாங்கோக்களையும் சேர்த்துக் கூட்டுங்கள். அப்போது அது ஒரே மண்டலம், 2013இல்தான் பிரிந்தது. சாம்பேசி பழைய அட்டவணையில் கப்ரிவி என்ற பெயரில் இருக்கும்.