பழைய வில்லிஸ் ஜீப்பின் பின் ஆக்சில்: எந்த எண்ணை நம்புவது?

பழைய வில்லிஸ் ஜீப்புக்குப் பின் ஆக்சில் தேடுகிறீர்கள் என்றால் முதலில் சக்கரத்தின் நடுவைப் பாருங்கள். 1941 முதல் 1945 வரை வந்த எம்பி ராணுவ ஜீப்பில் ஸ்பைசர் 23-2 என்ற வகை ஆக்சில் இருந்தது; அதன் ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) முகத்தில் ஆறு போல்ட் வட்டமாக நிற்கும். பொதுமக்களுக்காக வந்த சிஜே-2ஏ ஜீப்பின் தொடக்க கால வண்டிகளிலும் அதேதான், அப்புறம் வந்த 41, 44 வகை ஆக்சில் இரண்டிலும் நடுவில் ஒரே பெரிய நட்டு.

சரி, இனி எண்கள். கம்பி பிரஷும் டீசலும் வைத்து ஹவுசிங்கை, அதாவது ஆக்சிலின் வெளிக்கூட்டை, நன்றாகத் தேயுங்கள். மேடாக இருப்பது வார்ப்பிலேயே வந்தது, பள்ளமாக இருப்பது பஞ்ச் அடித்தது. ஹவுசிங்கில் மேடாக 44 என்று இருந்தால் அது ஆக்சிலின் வகை, ரேஷியோ (சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றும் என்ற கணக்கு) இல்லை. ரேஷியோவுக்குப் பின் மூடியின் போல்ட் ஒன்றில் மாட்டியிருக்கும் சின்னத் தகட்டைப் பாருங்கள்: 43-8 என்றால் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தில் 43 பல், அதைச் சுற்றும் பினியன் என்ற சின்னதில் 8, வகுத்தால் 5.38. ராணுவ ஜீப்பின் 39-8 என்றால் 4.88.

ஆனால் தகட்டை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள், ஒரு போல்ட்டைக் கழற்றினால் அது வேறு ஆக்சிலுக்குப் போய்விடும். 43-8 தகட்டோடு நான் வாங்கிய ஒன்றைத் திறந்தால் உள்ளே 39-8. அதை அப்படியே 5.38 முன் ஆக்சிலோடு போட்டு நாலு சக்கரத்தையும் இழுக்க விட்டிருந்தால் முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பாழாகியிருக்கும்.

முடிந்தால் மூடியைத் திறந்து, எண்ணெயைத் துடைத்து, கிரவுனின் விளிம்பைச் சுற்றி டார்ச் அடியுங்கள். பல் எண்ணிக்கை அங்கே குத்தியிருக்கும். பக்கத்தில் இருக்கும் இன்னொரு எண் ஜோடி எண். பினியன் முகத்திலும் அதே எண் இருக்க வேண்டும், இல்லையென்றால் யாரோ இரண்டைக் கலந்திருக்கிறார்கள். பினியன் முகத்தில் +2, -3 என்று இருந்தால் அது ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) வைப்பதற்கான கணக்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்தில்.

திறக்க விடவில்லையா? கழற்றி வைத்த ஆக்சில் என்றால் ஒரு ஹப்பை ஆடாமல் பிடித்துக்கொண்டு, பினியன் முனையில் சாக்பீஸ் கோடு போட்டு, மறு ஹப்பைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். வண்டியிலேயே இருந்தால் ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, மற்றவற்றுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கையும் விடுவியுங்கள். இந்த ஜீப்பில் அது சக்கரத்தைப் பிடிக்காது, பினியனோடு சேரும் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். பிறகு தூக்கிய சக்கரத்தை அதேபோல் இரண்டு சுற்று சுற்றுங்கள். பினியன் கோடு நாலேமுக்கால் சுற்றைக் கொஞ்சம் தாண்டி நின்றால் 39-8, ஐந்தேகால் சுற்றைத் தாண்டினால் 43-8.