நாயின் இடுப்பு மூட்டு விலகினால்: சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மோட்டார் சைக்கிளில் அடிபட்ட நாய் மூன்று காலில் நொண்டியபடி படலைக்குள் வந்து, விறாந்தையில் சுருண்டு படுத்து, மறுநாள் வைத்த சோற்றையும் தின்றுவிட்டால், அடி இலேசானது என்றே வீட்டார் எண்ணிவிடுகிறார்கள். முதல் தவறு அங்கேதான் நேர்கிறது. மூட்டு விலகிய நாய் ஓயாது கத்திக்கொண்டிருக்கும் என்பதில்லை. சில நாட்களில் விரல் நுனியை மெல்ல ஊன்றவும் தொடங்கும். எங்கள் வீட்டு நாய்க்கு இது நேர்ந்தபோது, அதை நிறுத்திப் பின்னாலிருந்து பார்த்த பிறகே விடயம் விளங்கியது. முழங்கால் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. குதி உட்பக்கமாக ஒதுங்கியிருந்தது. அந்தக் கால் மற்றதைவிடக் குட்டையாகவும் தெரிந்தது. தொடையெலும்பின் தலை இடுப்பெலும்பின் குழியை விட்டு மேலும் முன்னுமாக நழுவும்போது தோன்றும் கோலம் இது. பெரும்பாலான விலகல்கள் இத்திசையிலேயே நிகழ்கின்றன.

தலையைக் குழியோடு பிணைத்திருந்த நார் அறுந்து, மூட்டுறையும் கிழிந்த நிலையில், தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் தசைகள் இறுகுகின்றன. வெறுங்குழிக்குள் நார்த்திசு வளர்கிறது. குருத்தெலும்பு உராய்ந்து தேய்கிறது. முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் கொண்டுசென்றால், மயக்க மருந்து கொடுத்து, வெட்டாமலே மூட்டை உள்ளே தள்ளிப் பார்க்க இடமுண்டு. அப்படிப் பொருத்தியவற்றிலும் ஏறத்தாழப் பாதி மீண்டும் கழன்றுவிடுகின்றன என்பதால், சத்திரசிகிச்சை என்று வைத்தியர் சொல்லும்போது, இன்னொருமுறை தள்ளிப் பாருங்கள் என்று வற்புறுத்துவதில் பயனில்லை. அல்சேஷன், லாப்ரடோர் போன்ற இனங்களில் பிறப்பிலிருந்தே குழி ஆழமற்றுப் போயிருந்தால், அது நிலைக்கும் வாய்ப்பு இன்னும் குறைவு.

முறிவு நெறிவுப் பரியாரியார்மீது நமக்குள்ள மதிப்பு நியாயமானதே. ஆயினும் மயக்கமின்றி, எக்ஸ்ரேயும் இன்றி நாயின் காலை இழுப்பது வேறு விடயம். குட்டிகளில் விலகல்போலத் தோன்றுவது, தொடையெலும்பின் தலை, எலும்பு வளரும் இடமான வளர்ச்சித் தட்டோடு முறிந்திருப்பதாகவும் இருக்கலாம். இழுத்தால் முறிவு இன்னும் விலகும். பக்கவாட்டிலும் மல்லாத்தியும் எடுத்த இரண்டு படங்களாவது இல்லாமல் இதைப் பிரித்தறிய முடியாது. மனிதருக்கான டைக்ளோபெனாக், இபுபுரூபன் போன்ற நோ மாத்திரைகள் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பனடோலையும் தாமாகக் கொடுக்கக்கூடாது.

வாகனத்தில் அடிபட்ட நாய்க்குக் காலைவிட நெஞ்சு முக்கியம். நுரையீரல் கன்றியோ, உதரவிதானம் கிழிந்தோ, சிறுநீர்ப்பை வெடித்தோ இருக்க, அதைக் கவனியாது மயக்க மருந்து கொடுத்தால் உயிர் போகலாம். யாழ்ப்பாணத்திலிருந்து பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோவோர், ஏ9 வீதியால் 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணத்தைத் தொடங்குமுன், இங்கேயே நெஞ்சுப் படம் எடுத்து, மூச்சு சீராக இருப்பதை உறுதிசெய்து, நோவுக்கும் மருந்து பெற்றுக்கொள்ள வேண்டும். சத்திரசிகிச்சை நாளன்று, பாவம் பசிக்கும் என்று தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு அதை வைத்தியரிடம் மறைப்பவர்களும் உள்ளனர். மயக்கத்தில் வாந்தியெடுத்தால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

மிகப் பெரிய குழப்பம் வீட்டுக்குத் திரும்பிய பின்னரே வருகிறது. ஏனெனில் சத்திரசிகிச்சை ஒரே வகையானதல்ல. மூட்டைக் காப்பாற்றும் வகையில், தலையிலும் குழியிலும் துளையிட்டு, அறுந்த நாருக்குப் பதிலாக வலிய செயற்கை இழையைச் செலுத்தி, குழியின் மறுபுறத்தில் சிறு உலோகத் துண்டால் மாட்டிவைக்கிறார்கள். கிழிந்த உறையையும் தைக்கிறார்கள். உறை தழும்பேறி உறுதியாகும்வரை மூட்டைப் பிடித்திருப்பதே அவ்விழையின் வேலை. ஆகவே நான்கு முதல் ஆறு வாரங்கள் கயிற்றில் பிடித்து, மலசலத்துக்கு மட்டும் வெளியே கொண்டுபோக வேண்டும். பளபளக்கும் மாபிள் தரையில் பின்கால்கள் அகலச் சறுக்கினால் அவ்வளவும் வீண். பழைய சாக்கை விரித்துவிட்டாலே போதும். காலை மடித்துக் கட்டும் கட்டுப் போட்டிருந்தால், விரல்கள் வீங்கியுள்ளனவா, குளிர்ந்துள்ளனவா, கட்டு நனைந்துள்ளதா என்று நாள்தோறும் பார்க்க வேண்டும். மூட்டு கீழ்நோக்கி விலகிய நாய்க்கு அந்தக் கட்டு ஆகாது என்பதால், எங்கோ கண்ட படத்தைப் பார்த்துத் தாமே கட்டுவது ஆபத்து.

மற்றைய வகையில், மூட்டைக் காப்பாற்ற முடியாதபோது தொடையெலும்பின் தலையையும் கழுத்தையும் வெட்டி நீக்குகிறார்கள். தசையும் தழும்பும் சேர்ந்து பொய்மூட்டு ஒன்றை உருவாக்கும். சிறிய நாய்களில் இது நன்றாகப் பலனளிக்கிறது. பாரமான நாய்களில் நொண்டல் ஓரளவு எஞ்சலாம். இங்கே ஓய்வே பகை. முன்னையதைப்போல வாரக்கணக்கில் கட்டிவைத்தால் தழும்பு இறுகி, கால் மடங்காமற் போய்விடும். நோ மருந்தின் துணையுடன் சில நாட்களிலேயே காலை மெதுவாக முன்னும் பின்னும் நீட்டி மடக்க வேண்டும். கயிற்றில் பிடித்து மெல்ல நடத்த வேண்டும், ஏனெனில் வேகமாக ஓடவிட்டால் நாய் காலைத் தூக்கிக்கொள்ளும். காயம் முற்றாக ஆறி, வைத்தியரும் சம்மதித்தால், காரைநகரின் கசூரினா போன்ற ஆழமற்ற கடற்கரையில் வயிறளவு நீரில் நடத்துங்கள். தரையில் தூக்கிப் பிடிக்கும் காலை, பாரம் குறைந்த நீரில் அது தயக்கமின்றி ஊன்றும்.